சுவர்க்கோட்டில் ஓர் இடைவெளி

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இது நடந்தது பட்டப்பகலில், என் சித்தப்பா மகனுக்கு. நான் யார் காதிலும் பூ சுற்றவில்லை. அந்தப் படம் இன்னும் இருக்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை என்று என்னைத் திட்டக் கூடாது.

அவன் ஆட்களை எதிரே நிறுத்தி வரைகிற ஓவியன். வீட்டில் நாங்கள் வைத்த பெயர் மெருகு. மூக்கில் மரு இருந்தால் எடுத்துவிடுவான். வழுக்கையில் நாலு முடி நட்டுவிடுவான். குறை ஒன்று கண்ணில் பட்டால் போதும், அவன் கை சும்மா இருக்காது.

அவனுடைய ஒரே தங்கையைக் கட்டியவர் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். தன் சொந்த வீட்டின் வரைபடத்தை மேசையில் விரித்து, அதன்மேல் கை ஊன்றி நிற்பதுபோலத் தன்னை வரையச் சொன்னார். மெருகு முகத்தையும் கையையும் அவர் வீட்டிலேயே முடித்தான். மேசைமேல் இருக்கும் வரைபடம் மட்டும் பாக்கி. அதைத் தன் ஸ்டுடியோவில் வைத்துப் பார்த்து வரையலாம் என்று சுருட்டப் போனான். தங்கை வந்து தாளில் விரல் வைத்தாள்.

“அண்ணா, ஓரத்துல சின்னதா இருக்கு பாரு, அதான் என் தையல் ரூம். இந்த வீட்ல எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதை மட்டும் ஒழுங்கா போடு.”

“உன் ரூமை எவன் பார்க்கப்போறான்? மாப்பிள்ளை தொப்பையைக் குறைக்கறதுக்கே எனக்குத் தாவு தீர்ந்துபோச்சு.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளிடம் அவன் கடைசியாகப் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான்.

மறுநாள் மதியம், ஒவ்வொரு கோடாகப் பார்த்துப் படத்தில் ஏற்றினான். கருநீல வண்ணம். சுவர்க்கோடு விட்டுப்போய், பக்கத்தில் ஒரு வளைவு இருந்தால் அது கதவு. அந்த அளவுக்கு அவனுக்கும் தெரியும். தையல் அறைக் கோட்டிலும் ஓர் இடைவெளி இருந்தது. ஆனால் வளைவு இல்லை. தாள் மடிந்து மை அழிந்திருக்கிறது என்று நினைத்தான். ஒரே இழுப்பில் கோட்டைச் சேர்த்துவிட்டான். பார்க்க லட்சணமாக இருந்தது.

தூரிகையைக் கழுவப் போனான். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

டக்... டக்...

வாசல் கதவைத் திறந்தான். யாரும் இல்லை. திரும்பி வந்தால், படத்தில் கீறல். சரியாக அவன் சேர்த்த இடத்தில், நகம் பட்டதுபோல நாலு கோடு. பல்லி ஓடியிருக்கும் என்று சலித்துக்கொண்டு மறுபடி பூசினான்.

அப்போதுதான் வாசனை வந்தது. வண்ண வாசனை இல்லை. தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய்.

தங்கைக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் கணவரைக் கூப்பிட்டான்.

“நான் சைட்ல இருக்கேன் மச்சான். அவ தையல் ரூம்ல இருப்பா. மிஷின் சத்தத்துல கேட்டிருக்காது.”

சரிதான் என்று போனை வைத்தான்.

சரக்... சரக்... சரக்...

சத்தம் படத்துக்குள்ளிருந்து வந்தது.

பின்பக்கம் எட்டிப் பார்த்தான். வெறும் கேன்வாஸ் துணி.

முன்னால் வந்தான். அந்த இடத்தில் துணி புடைத்தது... அமுங்கியது... மறுபடி புடைத்தது.

எதுவோ வெளியே வரப் பார்க்கிறது.

வண்ண டியூபை அப்படியே பிதுக்கினான். கோட்டின்மேல் கெட்டியாக அப்பினான். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான்.

சரக்... சரக்...

சரக்...

நின்றுவிட்டது.

அப்பாடா என்று உட்கார்ந்தான்.

சாயங்காலம் அவள் கணவர் வீடு திரும்பினார். தையல் அறைக் கதவு முழுதாகத் திறந்து கிடந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வாசற்படியிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அவள் கிடந்தாள். மூச்சு முட்டி இறந்திருக்கிறாள் என்றார் டாக்டர். திறந்த அறையில் எப்படி என்று கேட்டதற்கு, வீட்டில் பெயின்ட் வேலை நடந்ததா என்று மட்டும் திருப்பிக் கேட்டார். அவளுடைய பத்து நகங்களுக்குள்ளும் கருநீல வண்ணம், இன்னும் காயாமல் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின் அவள் கணவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். படத்தில் இருந்த வரைபடத்தின்மேல் விரல் வைத்தார். தன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

“இங்க ஒரு இடைவெளி இருந்துச்சே மச்சான். அது பக்கவாட்டுல இழுக்கற கதவு, அதான் வளைவு போடலை. அந்த ரூமுக்கு இருக்கறது அது ஒரு வழிதான்... ஏன் அடைச்சே?”