பொறுத்துக்கொள்ளாமல் வந்தவள்

இன்று கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் என் பழைய நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் அவர் தம்பியை விட்டு வந்து ஆறு வருடமாகிறது.

"இன்னா சாதிச்ச? கொஞ்சம் பொறுத்துகினு இருந்தா உனக்கும் ஒரு வூடு இருந்திருக்கும்" என்றார்.

முன்பென்றால் அழுதிருப்பேன். 'அவசரப்பட்டுவிட்டேனா சாமி?' என்று கோயிலில் கேட்டே இத்தனை வருடம் போய்விட்டது. போன வாரம் சந்நிதியில்தான் உறைத்தது: அடிக்குப் பயப்படாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் இங்கே வந்து நிற்கிறேனே, அதுதான் பதில்.

"பொறுத்துகினு இருந்தா நானே இருந்திருக்க மாட்டேன் அண்ணி. இனிமே அதுக்கு வருத்தப்படப் போறதில்ல" என்றேன்.

அவர் இறங்கும்போது என் கையைப் பிடித்து, "எனக்குத்தான் அந்த தைரியம் வரல" என்றார்.

பொறுத்துப் போனவர்களும் வெளியே வந்தவர்களும் கமெண்டில் பேசலாம். அறிவுரை மட்டும் வேண்டாம், அதை ஆறு வருடம் கேட்டாயிற்று.