சைக்கிள் மணியும் வெள்ளைக் கரடியும்

பாயான் பாருவில் ஒரு வரிசை வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கிறது அந்தப் பாலர் பள்ளி. அங்கே டீச்சராக இருக்கும் ரமணி, அதற்கு முன் பன்னிரண்டு வருடம் கணினிச் சிப் தொழிற்சாலையில் தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவர். அந்த உடுப்புதான் இப்போது பிள்ளைகளின் விளையாட்டில் துருவக் கரடி.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதமான துஷ்யந்திக்கு இதையெல்லாம் ரசிக்கும் மனநிலை இல்லை. அவளுடைய நான்கு வயது மகள் மதுஷா வீட்டில் வாய் ஓயாதவள். பள்ளி வாசலைத் தாண்டினால் ஒரு சொல் கிடையாது. பள்ளியை நடத்தும் மலாய்க்காரப் பெண்மணி சித்தி ஹாஜரா மெதுவாகத்தான் சொன்னார்: வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம், இல்லாவிட்டால் அடுத்த வருடம் கூட்டி வாருங்கள். திங்கட்கிழமை துஷ்யந்தி புது வேலையில் சேர வேண்டும். பிள்ளையை விட்டுச் செல்ல வேறு இடம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குப் போகாமல் ஜன்னலோரம் நின்றுவிட்டாள்.

ரமணி தொழிற்சாலையிலிருந்து உடுப்பை மட்டும் கொண்டுவரவில்லை. அங்கே பிழை யார் கண்ணில் பட்டாலும் பொத்தானை அமுக்கி உற்பத்தி லைனையே நிறுத்தலாம். நேற்றுச் சேர்ந்தவளுக்கும் அந்த உரிமை உண்டு. இங்கே சுவரில் ஒரு சைக்கிள் மணி. எந்தப் பிள்ளை அடித்தாலும் விளையாட்டு நிற்கும், டீச்சரும் சிலைபோல் நிற்க வேண்டும். பாதி நேரம் ஒன்றுக்குப் போகத்தான் அடிப்பார்கள். அதற்கும் ரமணி அசையாமல் நிற்பார்.

அன்று ஒரு மூலையில் மணல், அதில் ஒட்டகம். மேசைக்கடியில் காடு. நடுவே அகலத் தட்டில், துருவிய ஐஸில் இனிப்புச் செய்யும் ஐஸ் கச்சாங் கடையில் வாங்கிய ஒரு வாளி ஐஸ். அதன்மேல் நான்கு பென்குயின் பொம்மைகளை நிறுத்திவிட்டு, கரடி ரமணி உறுமிக்கொண்டு அவற்றை நெருங்கினார்.

மணி அடித்தது.

எக்கி நின்று மணியில் கை வைத்திருந்தவள் மதுஷா.

கரடி ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. ஐஸ் உருகி மணலை நோக்கி ஓடியது. 'சொல்லன் பிள்ளை' என்று துஷ்யந்தி வாயெடுத்தாள். ரமணியின் கண் அவளைத் தடுத்தது. மதுஷா பென்குயின்களைப் பாவாடையில் அள்ளிப்போய், அறையின் மறுகோடியில் வாசலருகே வரிசையாக வைத்தாள்.

"பென்குயின் இஞ்ச இருக்கிறேல்லை. அது உலகத்துக்குக் கீழ. கரடிதான் மேல."

"அப்படியா? டீச்சருக்குத் தெரியாதுலா. இத்தனை வருஷமா ஒண்ணாத்தானே வச்சிருந்தேன்."

"டீச்சர் தப்பு, டீச்சர் தப்பு," என்று ஹனா என்ற சுட்டி ராகம் போட்டாள். கரடி தலையைத் தொங்கப்போட்டு, தப்புதான் என்றது. பிறகு, கரடிக்கு என்ன சாப்பாடு என்று மதுஷாவிடமே கேட்டது. அதன்பின் அவளை நிறுத்த முடியவில்லை.

வேண்டுமென்றே மாற்றி வைத்தீர்களா என்று துஷ்யந்தி பிற்பாடு கேட்டாள். ரமணி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல தங்கச்சி. நெசமாவே தெரியாது."

சித்தி ஹாஜரா வெள்ளிக்கிழமைப் பேச்சையே எடுக்கவில்லை. திங்கட்கிழமை ஏழரைக்கே கொண்டுவந்து விடலாம் என்றார்.

மறுபடி மணி அடித்தது. ஒட்டகத்தின் மணல் நனைந்துவிட்டதாம். பாதி கழற்றிய உடுப்பு இடுப்பில் தொங்க, ரமணி அப்படியே அசையாமல் நின்றார்.