நெல் அறையில் அழுத குரல்

இன்று காலை எங்கள் வீட்டு நெல் அறைக்குள் ஒரு பச்சைப்பிள்ளை அழுதது.

சத்தம் கேட்டதுமே அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். குரல் மாற்றிக் கத்துவதில் எனக்கு ஊரெல்லாம் அப்படி ஒரு பேர். ஆனால் அப்போது என் வாய் நிறையக் கூழ்.

சித்தி மட்டும் என்னைச் சந்தேகப்படவில்லை. அவள் பிள்ளை போன மாதம், பிறந்த அன்றே இறந்துபோனது. ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டதால், கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை என்று வேலிக்கு வெளியே புதைத்தார்கள்.

"எம்பிள்ள ஞானஸ்நானத்துக்குத்தான் அழுகுது. ஓடு, உபதேசியாரக் கூட்டிட்டு வா," என்றாள்.

உபதேசியார் தீர்த்தச் செம்போடு வந்து கதவைத் திறந்தார்.

உள்ளே எங்கள் பூனை. தரையில் புரண்டது, பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஒதுக்கிக்கொண்டு மறுபடி அழுதது.

"ஆத்தா, இது கடுவன் பூனையத் தேடுது. அஞ்சாறு நாளு வெளிய விடாதீக, அடிக்கவும் செய்யாதீக. தன்னால அடங்கிரும்," என்றார்.

"அது கடுவனக் கூப்பிட்டுச்சு, நாம கடவுளக் கூப்பிட்டோம்," என்றேன் நான். அம்மாவே சிரித்துவிட்டாள்.

சித்தி சிரிக்கவில்லை. "வந்தது வந்தீக, கொஞ்சம் தெளிச்சிட்டுப் போங்க," என்றாள். உபதேசியார் செம்பைப் பார்த்தபடியே நின்றார். பிறகு தெளிக்காமலே போய்விட்டார்.

கடுவன் நுழையாமல் ஜன்னலுக்குச் சாக்குக் கட்டியிருக்கிறேன். பூனை கத்தும்போதெல்லாம் சித்தி எழுந்து கதவருகே போகிறாள்.

பூனை ஆறு நாளில் அடங்கிவிடும். ஏழாம் நாளும் சித்திக்குக் கேட்டால் யாரைக் கூட்டி வருவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஓடுகிற ஆள் நான்தான்.