முந்தின பார்ட்டிஷன்

இன்று காலை போனில் ஒரு மெசேஜ்.

"மேடம், முந்தின மாசம் பொண்ணு கல்யாணம். தளியிலதான்."

அனுப்பியது மஞ்சுநாத். ஓசூரில் என்னோடு ஒரே கம்ப்யூட்டர் ரூமில் வேலை பார்த்தவர்.

படித்ததும் மனசு விட்டுப்போனது. முடிந்த கல்யாணத்தை இப்போது வந்து சொல்கிறாரா? ஒரு வார்த்தை கூப்பிடத் தோன்றவில்லையா? ரிட்டயர் ஆனவளை யார் நினைக்கப் போகிறார்கள் என்று காபியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை.

அப்புறம்தான் அந்த 'முந்தின' மண்டையில் தட்டியது.

ஐயோ, இந்தச் சொல்லா! மறுபடியுமா!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். (என்னோடு வேலை பார்த்தவர்கள் கொட்டாவி விட்டுக்கொள்ளலாம்.)

தொண்ணூறுகளின் கடைசி. பிரேக் பாகங்கள் செய்யும் சின்ன கம்பெனி. மெஷின்களுக்கான புரோகிராம் மொத்தமும் ஒரே ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. ஏன் லினக்ஸ்? அது காசு கேட்காது என்று முதலாளிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். வேறு காரணமெல்லாம் இல்லை.

ஒருநாள் அதன் ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. சாகப்போகிறது என்று அர்த்தம். பெங்களூரிலிருந்து புது டிஸ்க் வாங்கி வந்து மாட்டினோம். டிஸ்க் இமேஜிங் சாஃப்ட்வேர் ஒன்று ஃப்ளாப்பியில் இருந்தது. டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த ஒரு பகுதியை, அதாவது ஒரு பார்ட்டிஷனை, அப்படியே அச்சு அசலாக இன்னொன்றுக்குக் காப்பி பண்ணிவிடும். முதலில் லினக்ஸ் இருக்கிற பார்ட்டிஷன், அது முடிந்ததும் புரோகிராம் இருக்கிற பார்ட்டிஷன். இதுதான் திட்டம்.

திட்டம் போட்டவளுக்கு அன்றைக்கென்று காய்ச்சல்! கிருஷ்ணகிரியில் கம்பளிக்குள் கிடந்தேன். பக்கத்து வீட்டு போனுக்கு மஞ்சு கூப்பிட்டார்.

"மேடம், ஸ்க்ரீன்ல மூணு பார்ட்டிஷன் காட்டுது. பேரே இல்ல, வெறும் நம்பரா இருக்கு."

"நடுவுல இருக்கறதுதான் லினக்ஸ். அதைக் காப்பி பண்ணு மஞ்சு."

"எதுக்குப் பண்றது?"

"முந்தின பார்ட்டிஷனுக்கு. அழிஞ்சிரும், பரவாயில்லையான்னு கேக்கும். கேட்டா யெஸ் குடு."

"சரிங்க மேடம். நீங்க படுங்க."

மேலே இருந்தது புது டிஸ்க், காலி. கீழே இருந்தது புரோகிராம். நான் மேலே போகச் சொன்னேன்.

மஞ்சு வீட்டில் பேசுவது கன்னடம். கன்னடத்தில் 'முந்தின' என்றால் அடுத்தது!

கீழே போனார். அது கேட்டது. யெஸ் கொடுத்தார்.

இருந்த புரோகிராம் மொத்தமும் போச்சு.

மறுநாள் காய்ச்சலோடு பஸ் ஏறினேன். மேனேஜர் ரூமில் மஞ்சு வெளிறிப்போய் நின்றார். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். அந்த வேலை போனால் சொந்த ஊரான தளிக்குத் திரும்பிப் போய் என்ன சொல்லுவார்?

மேனேஜர் திருநெல்வேலிக்காரர். கன்னடத்தில் 'முந்தின' என்றால் அடுத்தது என்று மஞ்சு சொன்னதை அவர் நம்பவில்லை.

"முந்தினன்னா முந்தினதுதாம்ல! போன வாரத்துக்கும் வாற வாரத்துக்கும் ஒரே பேரா வைப்பாவ? யாரு காதுல பூ சுத்துதிய?"

"சார், நான் சொன்னதத்தான் அவரு செஞ்சாரு. அவங்க பாஷையில அதுக்கு அர்த்தமே வேற."

"நீங்க சும்மா இரிங்கம்மா. இவன் கணக்க முடிச்சி அனுப்பிருங்க."

வாதாடத் தெம்பில்லை. உடம்பு கொதிக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட்டில் வாட்ச்மேன் கெம்பண்ணா. ஆனேக்கல் பக்கத்து ஆள், அவரும் கன்னடம்.

"சார், அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. முந்தின பஸ் போயிடுச்சான்னு. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

மேனேஜர் வேண்டாவெறுப்பாக ஜன்னலைத் திறந்தார்.

"யோவ் கெம்பண்ணா! முந்தின பஸ் போயிட்டா?"

"முந்தின பஸ் எப்டி சார் போகும்? இன்னும் வரவே இல்லியே!"

மேனேஜர் ஜன்னலைச் சாத்தினார்.

"என்ன ஊருவே இது" என்றார் கடைசியில். மஞ்சுவைப் பார்த்து, "நிக்காதல. போயி வேலையப் பாரு."

வேலை சாதாரண வேலையா! மெஷின் மெஷினாகப் போய், மெமரியில் மிச்சம் இருந்ததைக் கேபிள் போட்டு இழுத்தோம். மற்றதை ஆபரேட்டர்கள் வைத்திருந்த எண்ணெய்க் கறைப் பிரிண்ட் அவுட்டைப் பார்த்து ஒவ்வொரு வரியாக டைப் அடித்தோம். கண்ணை மூடினாலும் புரோகிராம் வரிகளில் வரும் எக்ஸும் இசட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. இப்போது நினைத்தாலும் கழுத்து வலிக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் ரூமில் 'முந்தின'வுக்குத் தடை. போனதெல்லாம் 'செத்த டிஸ்க்'. வரப்போவதெல்லாம் 'புது டிஸ்க்'. போன மாதச் சம்பளம் செத்த டிஸ்க், வரப்போகும் தீபாவளி புது டிஸ்க். (வெளியாள் கேட்டால் எங்களுக்குக் கழன்றுவிட்டது என்றே நினைப்பார்.)

இத்தனை வருஷம் கழித்தும் மஞ்சுவின் கைக்குப் பழைய சொல்தான் வருகிறது. எனக்கும் பழைய அர்த்தம்தான் வருகிறது. என்ன செய்ய!

பதில் அடித்தேன்.

"மஞ்சு, கல்யாணம் செத்த டிஸ்க்கா, புது டிஸ்க்கா?"

(மங்கலமான விஷயத்தில் கேட்கிற கேள்வியா இது!)

மெசேஜ் போன வேகத்தில் போனே வந்துவிட்டது. முதலில் சிரிப்புதான் கேட்டது.

"புது டிஸ்க் மேடம், புது டிஸ்க்! நீங்க இல்லாம என் பொண்ணு கல்யாணமா? அன்னைக்கு நீங்க காய்ச்சலோட வரலன்னா எனக்கு ஏது வேலை, ஏது குடும்பம்? நாளைக்கு நானும் வீட்ல அவங்களும் பத்திரிக்கையோட வர்றோம். முன்னாடி நாளே வந்து தங்குவீங்களான்னு அவங்க கேப்பாங்க..."

"கேட்டா?"

"கேட்டா யெஸ் குடுங்க மேடம்."