ரொம்ப அபூர்வம்

என் கணவருக்குத் திண்டுக்கல் நாகல் நகரில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. அவர்கள் குடும்பத்தில் நோயாளி என்ற அந்தஸ்து அவருடைய அண்ணனுக்குத்தான் உண்டு. பித்தப்பையிலிருந்து எடுத்த கற்களை இருமல் மருந்துப் பாட்டில் ஒன்றில் போட்டு வைத்திருப்பவர். கல்யாண வீடோ துக்க வீடோ, பந்திக்கு முன்னால் அந்தப் பாட்டில் கை மாறிவிடும். என் கணவருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சளி, காய்ச்சல்கூடக் கிடையாது. ஓரமாக உட்கார்ந்து பாட்டிலை அடுத்தவருக்கு நகர்த்திக்கொண்டிருப்பார்.

ஒரு கோடையில் அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மலம் கறுப்பாகப் போனது. "நாவப்பழம் தின்னேன்ல, அதான்" என்றார். நாவல்பழக் காலம் முடிந்தும் கறுப்பு நிற்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால், ஒரு ஆள் நடமாடும் அளவுக்கு அதில் சத்தே இல்லை என்றார்கள். வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், இரைப்பைச் சுவரில் ஒரு மேடு தெரிகிறது, அதன் உச்சியில் புண், அங்கிருந்துதான் ரத்தம் கசிகிறது என்று சொல்லி மதுரைக்கு அனுப்பினார்.

மதுரையில் பார்த்த அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு பெண். ஸ்கேனும், ஊசி விட்டு எடுத்த சதைப் பரிசோதனையும் முடிந்தபின் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார்.

"இது வழக்கமா வயித்துல வர்ற புத்து இல்லைங்க. இரைப்பையோட சுவருக்குள்ளேயே வளர்ற கட்டி. ரொம்ப அபூர்வம். உறை கிழியாம முழுசா எடுக்கணும். கிழிஞ்சா வயித்துக்குள்ள விதை தெறிச்ச மாதிரி ஆயிரும்."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தக் 'கிழிஞ்சா' என்ற சொல்தான் காதில் இருந்தது. வாடிப்பட்டி தாண்டியதும் இவர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அபூர்வம்னு சொன்னாங்கள்ல?"

"சொன்னாங்க."

"ரொம்பன்னும் சொன்னாங்க."

அடுத்த ஞாயிறு பூசையில், வயிற்றுப் புற்றுநோயால் அவதிப்படும் நம் சகோதரருக்காக மன்றாடுவோம் என்று பங்குச்சாமியார் சொன்னார். பூசை முடிந்ததும் இவர் நேரே அவரிடம் போனார்.

"சாமி, அது அந்தப் புத்து இல்ல. இது வேற வகை."

"ஆண்டவருக்குத் தெரியும்ப்பா" என்றார் சாமியார்.

"ஆண்டவருக்குத் தெரியும் சாமி. கேட்டுக்கிட்டிருந்த சனத்துக்குத் தெரியாதுல்ல?"

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று, மாணவர்கள் வந்து பார்க்கலாமா என்று டாக்டர் அனுமதி கேட்டார். இவர் கட்டிலில் ராஜா மாதிரி சாய்ந்துகொண்டார். தயங்கி நின்ற ஒரு பெண்ணிடம், "நல்லா அமுக்கிப் பாரும்மா. அடுத்தது எப்பக் கெடைக்குமோ" என்றார். அமுக்க வேண்டாம் என்று டாக்டர்தான் அவசரமாகத் தடுத்தார்.

மறுநாள் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். எத்தனையாவது மணி என்று தெரியாமல் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். கணக்கு வாத்தியாருக்கு அன்று ஐம்பது வரை எண்ண வரவில்லை. மதியத்துக்கு மேல் டாக்டர் வந்து ஒரு ட்ரேயைக் காட்டினார். இரைப்பையின் ஒரு துண்டும் அதோடு ஒட்டிய கட்டியும். வழவழவென்று, நாட்டு மாங்காய் அளவில் இருந்தது. "உறை கிழியல" என்றார். அப்போதுதான் செபமாலையைப் பைக்குள் வைத்தேன்.

பேச்சு வந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, "அதைக் கையில குடுப்பாங்களா?"

"எதை?"

"கட்டியை."

பரிசோதனைக்குப் போய்விட்டது, தரமாட்டார்கள் என்றேன். "அண்ணன் கல்லை மட்டும் குடுத்தாங்க" என்று ஈனசுரத்தில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் பார்த்தது மாங்காய். ஆனால் அது எங்கள் தெருமுனையில் விளாம்பழமாகி, பேகம்பூரில் இவருக்கு உதிரிபாகம் கொடுக்கும் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் முழுத் தேங்காயாகிவிட்டது. இவர் யாரையும் திருத்தவில்லை. அண்ணன் மட்டும் முழுக்கதையையும் அமைதியாகக் கேட்டுவிட்டு, "வலி இருந்துச்சா?" என்றார்.

"இல்லண்ணே."

"கல்லுன்னா உசுரு போகும்" என்றார் அண்ணன்.

"வலிக்காம வர்றதுதாண்ணே இதோட விசேசமே."

திரும்ப வராமலிருக்க தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பிடத் தொடங்கியதும் கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கியது. கடைக்கு வருகிறவர்கள், "தூக்கம் இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்க வேண்டியதுதான், கிரைண்டரைப் பிரித்தபடி போட்டுவிட்டுக் கட்டியின் கதையை ஆரம்பித்துவிடுவார்.

இப்படியே போயிருக்கும். ஒருமுறை டாக்டரைப் பார்க்கப் போய் வராந்தாவில் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த அம்மாவுக்கும் அதே மாதிரி கண் வீக்கம். சாணார்பட்டிப் பக்கம் சம்பங்கித் தோட்டம் போட்டிருக்கும் குடும்பம்.

"எனக்கும் இரைப்பையிலதாண்ணே கட்டி. அபூர்வம்னு சொன்னாங்க" என்றது அந்த அம்மா.

"யாரு சொன்னா?"

"நம்ம டாக்டரம்மாதான்."

இவர் முகம் செத்துப்போனது. எங்கள் டாக்டர் அந்தச் சொல்லை இன்னொருத்தரிடமும் சொல்லியிருக்கிறார், அதுவும் எங்கள் ஜில்லாவிலேயே. எவ்வளவு பெரிய கட்டி என்று விசாரித்தார். "நான் பாக்கல. எடுத்தாச்சுல்ல" என்று அந்த அம்மா அதோடு விட்டுவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "சாப்பிட்ட உடனே உங்களுக்கும் படபடன்னு வந்து வேர்த்துக் கொட்டுதா?" என்று கேட்டது.

அதை இவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. "கொட்டுது" என்றார். "கொஞ்சங் கொஞ்சமா சாப்பிடணும்மா. சாப்பாட்டோட தண்ணி குடிக்காதீங்க. பாயாசத்தைத் தொடாதீங்க."

"திரும்ப வருமாண்ணே?"

ஊரெல்லாம் வகுப்பெடுத்த மனிதர் தரையைப் பார்த்துச் சொன்னார்: "தெரியலம்மா. ராத்திரி வெளக்கை அணைச்சா அந்த நெனப்புதான்."

இத்தனை மாதமாக விளக்கை அணைத்ததும் இவர் தூங்கிவிடுவதாக நினைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் அந்த அம்மா அடிக்கடி போன் செய்யும். இன்று என்ன சாப்பிட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, கண் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று இருவரும் பேசுவதைக் கேட்டால் சம்பந்தி பேச்சு மாதிரி இருக்கும். ஸ்கேனுக்குச் சேர்ந்தே போகிறோம். அந்த அம்மா தன் வீட்டுக்காரரோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். நாலு பேருமாக மதுரை பஸ் ஏறுவோம்.

இந்த வருடம் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. வெளியே வந்து ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். இவர் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டார். அந்த அம்மா மூன்றாவதையும் வாங்கி, சட்னி தொட்டு நிதானமாகச் சாப்பிட்டு முடித்தது. வேர்க்கவும் இல்லை.

திண்டுக்கல் வந்து இறங்கும்வரை இவருக்கு ஆறவில்லை. "எனக்கு எடுத்த அளவுக்கு அதுக்கு இரைப்பையை எடுத்திருக்க மாட்டாங்க" என்றார்.