லிஃப்ட்காரரின் ரேஸ் வண்டி

காரைக் கிளப்புமுன் லிஃப்ட்காரர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். விரல் முட்டியால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார். டிக்கி மேல் நிற்கும் பெரிய றெக்கைக்கு இரண்டு தட்டு. பானெட்டின் மேல் ஒட்டிய, காற்றே புகாத காற்றுத் துவாரத்துக்கு ஒன்று. பின்னால் நான்கு புகைக்குழாய். அதில் மூன்று ஒப்புக்குச் சப்பாணி. அவற்றுக்கும் தலா ஒன்று உண்டு. கதவில் ஒட்டியிருக்கும் ஏழாம் எண்ணை மட்டும் தட்டமாட்டார், உள்ளங்கையால் தடவிக்கொடுப்பார். "ம், போலாம்" என்பார். வண்டி கிளம்பும், மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டாது. ஆட்டோக்காரர்கள் கூடச் சில சமயம் முந்திக்கொண்டு போவார்கள்.

இருபத்திரண்டு வருடமாக மருத்துவமனையில், நோயாளிகளைக் கட்டிலோடு ஏற்றும் பெரிய லிஃப்டில் வேலை. தையல் போட்ட வயிறு குலுங்கக் கூடாது என்று ஒவ்வொரு மாடியிலும் "மெதுவாத்தான், பயப்படாதீங்க, இதோ வந்திடுச்சு" என்பார். இப்படிப்பட்ட மனிதருக்கு இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று நமக்கு விளங்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவருக்கும் விளங்கவில்லை.

மனைவி பள்ளிக்கூட நூலகர். பள்ளிக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கி நடந்துவிடுவார். "எதுக்குங்க இதெல்லாம்?" என்று அவர் கேட்டால், லிஃப்ட்காரர் "அது வந்து..." என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொள்வார். "மாமா, இதுல சீட் பெல்ட்டா பாராசூட்டா?" என்பான் மைத்துனன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போன மாதம் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். ஆய்வாளரம்மா பேனாவால் றெக்கையைக் காட்டினார்.

"இது எதுக்கு?"

"காத்தைக் கிழிக்கும்மா."

"எவ்வளவு வேகம் போவீங்க?"

"நாப்பது."

"அதுக்குக் காத்து தானாவே ஒதுங்கிக்குமே! சரி, இந்தத் துவாரம்?"

"அது துவாரம் இல்லம்மா, சும்மா ஒட்டினது."

"இந்தக் குழாயெல்லாம்?"

"எதுக்குன்னு எனக்கே தெரியலம்மா."

"எல்லாத்தையும் கழட்டிட்டுக் கொண்டாங்க. இல்லன்னா இதை ரோட்டுல ஓட்ட முடியாது."

ஓட்டாமல் முடியுமா? ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கழற்றினார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கதவிலிருந்த ஏழாம் எண்ணையும் உரித்தார். றெக்கை பீரோ மேல் ஏறிக்கொண்டது. சான்றிதழ் கிடைத்தது. திங்கட்கிழமை மனைவி முதல் தடவையாகப் பள்ளி வாசலிலேயே இறங்கினார். லிஃப்ட்காரர் வண்டியைக் கிளப்பி, பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தார். முன்பு அதில் பாதி றெக்கைதான் தெரியும். இப்போது சாலை முழுவதும் உள்ளே வந்து நின்றது. யாரோ பின்தொடர்வது போலத் திடுக்கிட்டார்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போய்விட்டு, கையில் பைகளோடு வாகன நிறுத்தத்துக்கு வந்தார்கள். வரிசை வரிசையாக வெள்ளைக் கார்கள், எல்லாம் ஒரே அச்சு. லிஃப்ட்காரருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

"எங்கங்க விட்டீங்க?"

"இங்கதான்."

"நம்பர் என்ன?"

அவர் விழித்தார். றெக்கை எல்லாக் கூரைக்கும் மேலே தலை நீட்டிக்கொண்டிருந்த வரை நம்பர் எதற்கு? சொல்லிக்காட்ட வாயெடுத்த மனைவிக்கும் அது ஞாபகம் வரவில்லை.

ஒரு கார்க் கதவில் சாவியை நுழைத்தார். உள்ளே குழந்தை இருக்கை. இன்னொன்றில் நாய் எழுந்து குரைத்தது. தன் சொந்த வண்டியையே தெரியவில்லையே! பிறகு பைகளைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு காரின் பின்பக்கமாகப் போய் டிக்கியின் மேல் கையை ஓட்டினார். வழுவழு. அடுத்ததும் வழுவழு. ஆறாவது காரில் ஆள்காட்டி விரல் ஒரு ஓட்டையில் இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் நான்கு.

"அப்பாடா! கதவைத் திறங்க, கை வலிக்குது" என்றார் மனைவி.

அவர் திறக்கவில்லை. கழற்றிய நாளிலிருந்து சட்டை மாறினாலும் சட்டைப்பையிலேயே கூட வந்துகொண்டிருந்த, றெக்கையின் நான்கு போல்ட்டுகளை வெளியே எடுத்தார். ஒவ்வொன்றாக ஓட்டைகளில் செருகினார்.

"இது எதுக்குங்க?"

"மழைத்தண்ணி இறங்கிடும்ல?" என்றார், பட்டென்று.

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மனைவி அண்ணாந்து பார்த்தார். லிஃப்ட்காரர் விரல் முட்டியால் நான்கு போல்ட்டையும் ஒரு தடவை தட்டினார்.

"ம், போலாம்."