அம்மா காயவைத்த பொட்டலம்

அம்மா இருந்தார். நான் இருந்தேன். வெள்ளைக்காரர் என் சாரத்தைக் கட்டிக்கொண்டு என் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் அவருக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. வெள்ளைக்காரரின் சிநேகிதியும் இல்லை. எல்லவில் ஒரு விடுதியில் காய்ச்சலாகப் படுத்திருந்தார். இருவரின் பாஸ்போட்டும் அவரிடம்தான் இருந்தது.

முதல் நாள் சாயங்காலம் அந்த வெள்ளைக்காரர் எல்லவிலிருந்து தண்டவாளத்தின் மேலேயே நடந்து தெமோதரைப் பக்கம் வந்திருந்தார். மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒதுங்கினார். லயத்தில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், விருந்தாளியை எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கே அனுப்பிவிட்டார்கள்.

காலையில் வெயில் அடித்தது. அம்மா அவருடைய பையைத் திறந்து, நனைந்த துணிகளைக் கொடியில் போட்டார். அடியில் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. உள்ளே ஊறிப்போன இலை. பத்து வயதிலிருந்து கொழுந்து பறிப்பவருக்கு இலை அழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வாசலில் சாக்கை விரித்து, உதறி, மெல்லிசாகப் பரப்பினார். அவ்வப்போது புரட்டியும் விட்டார். கஞ்சா என்ற சொல்லை நான் படித்திருந்தேன். செடியைப் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் வாச்சர் வந்தார். லயத்து வாசலில் இலை காய்ந்தால் அது தோட்டத்திலிருந்து திருடிய கொழுந்து என்றுதான் அர்த்தம். அதைப் பிடிக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

“என்னக்கா, பட்டப்பகல்லயே யாவாரமா?”

“நம்ம கொழுந்து இல்ல தம்பி. உள்ள படுத்திருக்காரே, அவரோடது.”

வாச்சர் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

“கொழுந்தாவே இருந்திருக்கலாம்க்கா. கொழுந்துன்னா தோட்டத்துத் தொரையோட முடிஞ்சிரும். இது கஞ்சா. பொலிசுக்குச் சொல்லாட்டி என் பேர வெட்டிருவாங்க. சொன்னா ஒங்க வீட்டு அண்ணன் பேர வெட்டிருவாங்க.”

பேர் வெட்டினால் வேலை போகும். வேலை போனால் காம்பராவும் போகும். வாச்சருக்கும் ஒரு காம்பரா இருந்தது. சொல்லிவிட்டார்.

ஜீப்பில் வந்த பொலிஸ் சார்ஜனுக்குத் தமிழ் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. வெள்ளைக்காரருக்கு இங்கிலீஷ் மட்டும். நான் நடுவில் நின்றேன்.

“யாரு சாக்கு இது?”

“எங்களோடதுங்க,” என்றார் அம்மா.

“யாரு காயவெச்சது?”

“நாந்தாங்க. நனைஞ்சு கெடந்துச்சு.”

“அப்ப நீதான் ஜீப்புல ஏறணும்.”

வெள்ளைக்காரர் பதறவில்லை. எல்லவுக்கு ஏறிவந்த கோச்சியில் பத்து ரூபாய்க்கு அதை விற்ற ஆள், இந்த நாட்டில் இதையெல்லாம் யாரும் கவனிப்பதில்லை என்று சொல்லியிருந்தானாம். சார்ஜனுக்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்று கேட்கச் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

“என்னா சொல்றாரு?”

“யோசிக்கிறாருங்க.”

பிறகு என் பள்ளிக்கூட இங்கிலீஷில் அவரிடம் சொன்னேன்: அம்மாவை மறியலில் அடைப்பார்கள், அப்பாவுக்கு வேலை போகும், இந்த அறையும் எங்களுக்கு இருக்காது. அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். சுற்றிப் பார்க்க அதிக நேரம் எடுக்கிற அறை இல்லை அது. ஈரக் காற்சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, சாக்கைக் காட்டி, “மைன்” என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வெள்ளைக்காரர் என்றால் பதுளை கோர்ட்டில் விட்டுவிடுவார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். விடவில்லை. மறியலில் வயிற்றோட்டம் பிடித்து ஆள் பாதியாகிப்போனார். பாஸ்போட் கோர்ட்டில் இருந்தது, விசா முடிந்தது, அவர்கள் ஏறவேண்டிய விமானமும் போய்விட்டது. சிநேகிதி காய்ச்சலோடு லோயரைத் தேடி அலைந்தார். நானும் கூடப் போனேன். இலையின் எடை குறைவு என்பதால்தான் அபராதத்தோடு விடும்படி கேட்க முடிந்தது என்றார் லோயர். நனைந்தபடியே பிடிபட்டிருந்தால் அதே இலை இரண்டு மூன்று மடங்கு நிறுத்திருக்கும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். “ஒங்கம்மா நல்லாத்தான் வாட்டியிருக்கா,” என்றார். அவர் பேர் வெட்டப்படவில்லை.

இலை தன்னுடையதென்று வெள்ளைக்காரர் பொலிசில் போட்ட கையெழுத்து அதற்குப் போதுமாயிருந்தது. ஆனால் பொலிஸ் கொண்டுபோன சாக்கு திரும்பி வரவில்லை. அம்மா இரண்டு தடவை கேட்டனுப்பினார்.

பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறும்போது சிநேகிதி செலவு மொத்தத்தையும் சொன்னார். லோயர், அபராதம், விசா, மருந்து, இரண்டு புது டிக்கெட். கமராவை விற்றும் போதாமல் ஊருக்குத் தந்தியடித்து வரவழைத்த காசு. அந்தப் பத்து ரூபாய்ப் பொட்டலத்துக்கு, எங்கள் சாக்கைச் சேர்க்காமல், ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்.